அணிதலும் அறிதலும்: பழங்காலத் தலைக்கவசங்களைச் சேகரித்து அணிந்தோர் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பழங்காலத் தலைக்கவசங்களையும் அவற்றின் பிரதிகளையும் சேகரிப்பதும் அணிவதும் ஓய்வுநேர விருப்பமாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் இவ்விருப்பம் வரலாற்றறிவை உருவாக்கியதோடு அதனைத் திரிக்கவும் செய்துள்ளது. லண்டன் கோபுரத்தின் அரசர் வரிசை, எக்லிண்டன் மறப்போட்டி, பைராய்த் நாடக மேடை, பாஷ்ஃபோர்டு டீனின் போர்க்காலப் பணி, சட்டன் ஹூ தலைக்கவசத்தின் மறுசீரமைப்பு ஆகிய ஐந்து நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. தோற்றத்திற்காக அணிதல், சோதனைக்காக அணிதல் என இருவகை அணிதல்களை வேறுபடுத்திக் காண்பதே இத்துறையின் ஆதாரங்களை மதிப்பிடுவதற்கு உரிய வழி என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: தலைக்கவசம், சேகரிப்பு, அருங்காட்சியகம், மறுசீரமைப்பு, பிரதி, பொருள்சார் பண்பாடு.

முன்னுரை

தலைக்கவசம் என்னும் சொல் இன்றைய தமிழ் வழக்கில் இருசக்கர வாகன ஓட்டியின் காப்பையே முதலில் நினைவூட்டுகிறது. இக்கட்டுரையில் அச்சொல், போரிலும் சடங்கிலும் அணிவதற்கென உலோகத்தால் செய்யப்பட்ட பழங்காலத் தலைக்காப்பையும், அதனைப் பின்பற்றிப் பிற்காலத்தில் செய்யப்பட்ட பிரதியையும் குறிக்கிறது.

படைக்கலங்களுள் தலைக்கவசத்திற்குத் தனியிடம் உண்டு. வாளைக் கையில் ஏந்திப் பார்ப்பவர் அதன் எடையை உணர்வார். தலைக்கவசத்தை அணிபவரோ தம் பார்வை குறுகுவதையும், செவி மங்குவதையும், மூச்சு தடைப்படுவதையும் உணர்வார். அதே வேளையில் பிறர் கண்ணுக்கு வேறொருவராகவும் தோன்றுவார். எனவே, அணிபவரிடம் இரு வினாக்கள் எழ இடமுண்டு. 'இதனை அணிந்தால் எவ்வாறு தோன்றுவேன்?' என்பது ஒன்று. 'இதனை அணிந்தவர் எவ்வாறு இயங்கியிருப்பார்?' என்பது மற்றொன்று. முதல் வினா நாடகத்தையும் இரண்டாவது வினா ஆய்வையும் சார்ந்தவை. நடைமுறையில் இவ்விரண்டும் ஒரே மனிதரிடம், சில வேளைகளில் ஒரே பொருளின்மீது, கலந்து நிற்பதையே வரலாறு காட்டுகிறது.

படைக்கல வரலாற்று நூல்கள் பொதுவாகக் கவசங்களின் வடிவ வளர்ச்சியைப் பேசுகின்றன. அக்கவசங்கள் போர்க்களத்தை விட்டு நீங்கிய பின்னர் யாருடைய கைகளில் இருந்தன, யாருடைய தலைகளில் ஏறின என்பது துணைச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. ஆயினும், இன்று அருங்காட்சியகங்களில் காணப்படும் தலைக்கவசங்களில் பல அச்சேகரிப்பாளர் வழியாகவே வந்தவை. அவர்களுடைய விருப்பங்களை அறியாமல் அப்பொருள்களை ஆதாரமாகக் கொள்ள இயலாது என்பதே இவ்வாய்வின் தேவையாகும்.

1. அரசர் வரிசையும் மெய்ரிக்கும்

லண்டன் கோபுரத்தில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 'அரசர் வரிசை' என்னும் காட்சி அமைக்கப்பட்டிருந்தது. மரக்குதிரைகளின்மீது இங்கிலாந்து மன்னர்களின் உருவங்கள் கவசம் பூண்டு வரிசையாக நின்றன. மன்னராட்சியின் தொன்மையையும் தொடர்ச்சியையும் மக்களுக்குக் காட்டுவதே அதன் நோக்கம். ஆதலால் எந்தக் கவசம் எந்தக் காலத்திற்கு உரியது என்னும் வினா அங்கு எழவில்லை. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் வில்லியத்தின் உருவம்கூடப் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட தட்டுக்கவசத்தை அணிந்திருந்தது.

அதே கோபுரத்தில் இருந்த மற்றொரு பொருளும் இங்குக் கருதத்தக்கது. இன்ஸ்புருக் நகரக் கவசக் கம்மியர் கொன்ராட் சோய்சன்ஹோஃபர் 1511–1514 கால அளவில் செய்த தலைக்கவசம் அது. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் அதனை இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்குப் பரிசாக அளித்தார். ஆட்டுக்கடாவின் சுருள்கொம்புகள், மூக்குக்கண்ணாடி, முகத்தில் முளைத்த குறுமயிர் ஆகியவற்றைக் கொண்ட அத்தலைக்கவசம், மன்னரின் உடைமையாக அன்றி, அவருடைய அரசவைக் கோமாளி வில் சாமர்ஸின் கவசமாக நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. கொம்பும் கோணல்முகமும் கோமாளிக்கே உரியவை என்னும் பிற்கால எதிர்பார்ப்பே அப்பெயரீட்டுக்கு இடமளித்தது எனலாம். அரசவை விழாக்களில் மன்னரும் பிரபுக்களும் விந்தையான முகமூடிக் கவசங்களை விரும்பி அணிந்த 16-ஆம் நூற்றாண்டு வழக்கம் அதற்குள் மறக்கப்பட்டிருந்தது.

இத்தகைய பெயரீடுகளைக் காலவரிசை கொண்டு முதன்முதலில் முறையாகச் சோதித்தவர் சாமுவேல் ரஷ் மெய்ரிக் (1783–1848). வழக்கறிஞரான இவர் தம் சொந்தச் செலவில் படைக்கலங்களைச் சேகரித்தவர். 1824-இல் வெளிவந்த, பழங்கவசம் பற்றிய இவரது மூன்று தொகுதி நூல், ஓவியங்கள், கல்லறைச் சிற்பங்கள், ஆவணங்கள் ஆகியவற்றோடு கவசங்களை ஒப்பிட்டுக் காலம் கணித்தது. அந்நூலின் பயனாக, கோபுரத்தின் அரசர் வரிசையைத் திருத்தியமைக்கும் பணி 1820-களின் பிற்பகுதியில் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருந்தாத கவசம் பூண்ட முதலாம் வில்லியத்தின் உருவம் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. 1832-இல் இவர் வீரத்திருப்பட்டம் பெற்றார்.

மெய்ரிக்கின் பணி இரு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, அரசு நிறுவனம் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்துவந்த பிழையைத் திருத்தியவர் ஒரு தனிச் சேகரிப்பாளர். இரண்டாவது, அவரும் தோற்றத்தின் கவர்ச்சிக்கு அப்பாற்பட்டவர் அல்லர். தம் தொகுப்பை வைப்பதற்காக ஹெரஃபோர்டுஷயரில் இடைக்காலக் கோட்டைபோல் 'குட்ரிச் கோர்ட்' என்னும் மாளிகையை எழுப்பினார். அங்குக் கவசம் பூண்ட உருவங்கள் மறப்போட்டிக் காட்சியாக அமைக்கப்பட்டிருந்தன. அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பு சிதறியது. அதன் சிறந்த பொருள்கள் பல இன்று லண்டனின் வாலஸ் தொகுப்பில் உள்ளன.

2. எக்லிண்டன் மறப்போட்டி, 1839

மெய்ரிக்கின் காலத்திலேயே இடைக்காலம் குறித்த இலக்கிய ஈடுபாடு பெருகியிருந்தது. ஹோரஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை' (1764) என்னும் புதினம், வானிலிருந்து விழும் மாபெரும் தலைக்கவசம் மணமகனை நசுக்கிக் கொல்வதோடு தொடங்குகிறது. வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' மறப்போட்டிக் காட்சிகளைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டுசேர்த்தது. கவசம் நூலிலிருந்து உடலுக்கு வருவதற்கான சூழல் இவ்வாறு உருவாகியது.

1838-இல் நடந்த விக்டோரியா அரசியின் முடிசூட்டு விழாவில், செலவைக் குறைக்கும் பொருட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டப விருந்தும், கவசம் பூண்ட வீரர் குதிரைமேல் வந்து அறைகூவல் விடுக்கும் மரபும் கைவிடப்பட்டன. இதனால் மனக்குறை கொண்ட பிரபுக்களுள் ஒருவரான எக்லிண்டன் கோமகன் ஆர்ச்சிபால்டு மாண்ட்கோமரி, ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் உள்ள தம் கோட்டையில் இடைக்கால மறப்போட்டி ஒன்றை நடத்த முன்வந்தார்.

போட்டிக்கான கவசங்களை வழங்கியவர் லண்டன் வணிகர் சாமுவேல் பிராட். தொடக்கக் கூட்டத்திற்கு ஏறத்தாழ 150 பேர் வந்தனர் எனக் கூறப்படுகிறது. செலவையும் பயிற்சியின் கடுமையையும் அறிந்தபின் பலர் விலகினர்; இறுதியில் களமிறங்கியோர் பன்னிருவருக்குச் சற்று மேற்பட்டோரே. லண்டனின் செயின்ட் ஜான்ஸ் உட் பகுதியில் இவர்கள் ஒத்திகை பார்த்தனர்.

1839 ஆகஸ்டு 28 அன்று, ஒரு லட்சம் பேர் என மதிப்பிடப்படும் கூட்டத்தின் நடுவே போட்டி தொடங்கியது. பெருமழை பெய்தது. களம் சேறாயிற்று, பார்வையாளர் குடைகளை விரித்தனர். கவசம் பூண்ட வீரரும் குடை பிடித்த கூட்டமுமாக அமைந்த அக்காட்சி கேலிச்சித்திரங்களுக்கு நெடுநாள் பொருளாயிற்று. இயன் அன்ஸ்ட்ரதர் 1963-இல் இந்நிகழ்வைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே வீரரும் குடையும் இணைந்து நிற்கின்றனர். மழை ஓய்ந்த ஆகஸ்டு 30 அன்று போட்டிகள் மீண்டும் நடந்தன என்பது அந்தளவுக்கு நினைவுகூரப்படவில்லை.

எக்லிண்டனை வெறும் நகைப்புக்குரிய நிகழ்வாக ஒதுக்குதல் பொருந்தாது. அது கவசச் சந்தையை விரிவாக்கியது. தேவை பெருகிய அளவிற்குப் பழம்பொருள் கிடைக்கவில்லை. குறிப்பாக, 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, முகத்தை முற்றிலும் மூடும் உருளைவடிவப் பெருங்கவசங்கள் மிக அரியவை. காதற்கதைகளின் வீரனுக்கோ அதுவே அடையாளம். இந்த இடைவெளியைப் போலிகள் நிரப்பின. பிராட்டின் கடையின் வழியாகவும் போலிப் பெருங்கவசங்கள் விற்கப்பட்டன என்பதைப் பிற்காலப் படைக்கல வல்லுநர் நிறுவியுள்ளனர். ஆர்வலர் எதிர்பார்த்த தோற்றத்தையே போலி செய்தவரும் உருவாக்கினார். ஆகவே, 19-ஆம் நூற்றாண்டுப் போலிக் கவசம் இடைக்காலத்திற்குச் சான்றாகாது. அந்நூற்றாண்டு இடைக்காலத்தை எவ்வாறு கற்பனை செய்தது என்பதற்கு அது நேர்ச்சான்றாகும்.

3. மேடையில் முளைத்த கொம்புகள்

தோற்றத்திற்காக அணிதல் வரலாற்றை எவ்வளவு ஆழமாகத் திரிக்க இயலும் என்பதற்கு வைக்கிங்குகளின் கொம்புத் தலைக்கவசம் தக்க சான்று. ரிச்சர்டு வாக்னரின் 'நீபெலுங் மோதிரம்' இசைநாடகத் தொடர் முழுமையாக முதன்முதலில் அரங்கேறியது 1876-இல், ஜெர்மனியின் பைராய்த் நகரில். அதற்கு உடையமைத்த கார்ல் எமில் டோப்ளர் கதைமாந்தர் சிலருக்குக் கொம்புடைய தலைக்கவசங்களை அளித்தார். அதன்பின் அவ்வடிவம் நூற்படங்கள், விளம்பரங்கள், திரைப்படங்கள், விளையாட்டு அணிகளின் சின்னங்கள் எனப் பரவி, வைக்கிங் என்றாலே கொம்பு என்னும் நிலையை அடைந்தது. ரோபெர்ட்டா ஃபிராங்க் இவ்வடிவத்தின் தோற்றத்தைத் தம் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தொல்லியல் காட்டுவது வேறு. 1943-இல் நார்வேயின் யெர்முண்ட்பூ பண்ணையில், 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புதைகுழியில் இரும்புத் தலைக்கவசம் ஒன்று துண்டுகளாகக் கிடைத்தது. உருண்டை முடியும் கண்களைச் சுற்றிய காப்பும் உடைய அதில் கொம்புகள் இல்லை. இங்கிலாந்தின் யார்ம் நகரில் 1950-களில் குழாய்ப் பள்ளம் தோண்டியபோது கிடைத்த தலைக்கவசமும் 10-ஆம் நூற்றாண்டினது என 2020-இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அதிலும் கொம்புகள் இல்லை.

கொம்புடைய பண்டைத் தலைக்கவசங்கள் ஐரோப்பாவில் இல்லாமல் இல்லை. 1868-இல் தேம்சு ஆற்றில் வாட்டர்லூ பாலத்தருகே கிடைத்த வெண்கலத் தலைக்கவசம் இரும்புக் காலத்தது. 1942-இல் டென்மார்க்கின் வேக்சோ சதுப்பில் கிடைத்த இரு வெண்கலத் தலைக்கவசங்கள் நீண்டு வளைந்த கொம்புகளை உடையவை. ஒன்றில் ஒட்டியிருந்த மரப்பிசினைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில் அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 900 எனத் தெரியவந்தது. இம்முடிவு 2021-இல் வெளிவந்தது. வைக்கிங் காலத்திற்கும் இவற்றிற்கும் இடையே சுமார் 1,700 ஆண்டுகள் உள்ளன.

சோதனைக்காக அணிதல் பற்றிய சிந்தனை இங்கு எளிய விடையை அளிக்கிறது. அடியை வழுக்கிச் செல்லவிடுவதே போர்த் தலைக்கவசத்தின் உருண்டை வடிவத்திற்குக் காரணம். பக்கங்களில் நீண்ட கொம்பு அந்த அடியைத் தடுத்துப் பிடித்து, அதன் விசையைக் கழுத்துக்குக் கடத்தும். ஆகவே, வேக்சோ, வாட்டர்லூ தலைக்கவசங்களைச் சடங்குக்கும் காட்சிக்கும் உரியனவாகக் கொள்வதே பொருத்தமாகும். ஆயினும், கொம்பற்ற யெர்முண்ட்பூ தலைக்கவசம் கிடைத்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் மக்கள் மனத்தில் கொம்பே நிலைத்துள்ளது. அணிந்து காட்டப்பட்ட பிழையை அச்சிட்ட திருத்தத்தால் எளிதில் அகற்ற முடியவில்லை.

4. பாஷ்ஃபோர்டு டீன்: சேகரிப்பிலிருந்து அகழிக்கு

சேகரிப்பாளரின் அறிவு உயிர்காக்கும் பணிக்கு அழைக்கப்பட்டமைக்கு அமெரிக்கரான பாஷ்ஃபோர்டு டீனின் (1867–1928) வாழ்வு சான்றாகிறது. கொலம்பியா பல்கலைக்கழக விலங்கியல் அறிஞரான இவர், உடலின்மீது எலும்புத் தகடுகளைக் கொண்ட தொல்பழங்கால மீன்களின் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். மறுபுறம், மனிதர் செய்த கவசங்களைச் சேகரித்தவர். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்திலும் ஒரே காலத்தில் காப்பாட்சியராக விளங்கினார். மெட்ரோபாலிட்டனில் 1912-இல் நிறுவப்பட்ட படைக்கலத் துறையின் முதல் காப்பாட்சியர் இவரே. உயிரினங்களின் மரபுவழியை வரைவதுபோல், தலைக்கவச வகைகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததைக் காட்டும் வரைபடங்களை இவர் அமைத்தார்.

1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது போரிட்ட நாடுகளின் காலாட்படையினர் எஃகுத் தலைக்கவசம் இன்றியே களம் புகுந்தனர். பிரெஞ்சு வீரர் துணித்தொப்பியும், பிரித்தானியர் துணித்தொப்பியும், ஜெர்மானியர் கூர்முனை வைத்த தோல்தொப்பியும் அணிந்திருந்தனர். இவை படைப்பிரிவின் அடையாளங்களே. வெடிகுண்டுச் சிதறல்களைத் தடுக்கவல்லவை அல்ல. அகழிப்போரில் தலை மட்டுமே வெளியில் தெரியும் நிலையில் தலைக்காயங்கள் பெருகின. 1915-இல் பிரான்சு ஏட்ரியன் தலைக்கவசத்தையும், அதே ஆண்டில் பிரித்தானியா ஜான் பிராடி வடிவமைத்த தட்டைக் கவசத்தையும், 1916-இல் ஜெர்மனி ஆழமான எஃகுக் கவசத்தையும் கொண்டுவந்தன. இவற்றுள் பிராடி கவசம் இடைக்காலக் காலாட்படையின் அகன்ற விளிம்புடைய இரும்புத் தொப்பியை ஒத்தது. ஜெர்மானியக் கவசம், பிடரிவரை தாழ்ந்த 15-ஆம் நூற்றாண்டின் 'சாலெட்' வகையை ஒத்தது.

அமெரிக்கா 1917-இல் போரில் இறங்கியதும் டீன் படைத்துறையின் மேஜராகப் பொறுப்பேற்றுத் தலைக்கவச வடிவமைப்பில் ஈடுபட்டார். அருங்காட்சியகத்தின் கவசப் பட்டறையில் பணியாற்றிய பிரெஞ்சுக் கம்மியர் டேனியல் தஷோ, டீனின் முன்மாதிரிகளைக் கையால் அடித்து உருவாக்கினார். பழங்கவசங்களைப் பழுதுபார்ப்பதற்குப் பயன்பட்ட கருவிகளும் கைத்திறனும் புதிய கவசம் படைக்கப் பயன்பட்டன. செவிப்புறத்தையும் பிடரியையும் மூடுதல், எடையைத் தலைமுழுதும் சமமாகப் பரப்புதல், பார்வையை மறைக்காதிருத்தல் ஆகிய பழைய கம்மியரின் தீர்வுகளை டீன் எடுத்தாண்டார். அவருடைய மாதிரிகளுள் ஐந்தாம் எண்ணுடையது குறிப்பிடத்தக்கது.

ஆயினும், அமெரிக்கப் படை பிரித்தானியக் கவசத்தையே தழுவிய 1917 மாதிரியை ஏற்றது. தட்டைக் கவசத்தை எளிதில் அச்சில் அழுத்திப் பெருமளவில் செய்யலாம் என்பது அதற்குத் துணைநின்றது. டீனின் ஆழமான வடிவங்கள் ஜெர்மானியக் கவசத்தை ஒத்திருந்தமையும் தடையாயிற்று. தொலைவிலிருந்து காண்போர் நண்பரையும் பகைவரையும் உருவத்தாலேயே பிரித்தறிந்த களத்தில் அத்தடை அற்பமானதன்று. சோதனைக்காக அணிதலின் அடிப்படையில் உருவான வடிவம், இறுதியில் தோற்றத்தின் காரணமாகவும் விலக்கப்பட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது. டீன் தம் பட்டறிவை 1920-இல் தற்காலப் போரின் தலைக்கவசங்களையும் உடற்கவசங்களையும் பற்றிய நூலாக வெளியிட்டார். அமெரிக்கா தட்டைக் கவசத்தைக் கைவிட்டு, செவியும் பிடரியும் ஓரளவு மூடிய எம்-1 வகையை ஏற்றது 1941-இல்தான். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே டீன் மறைந்துவிட்டார்.

டீனிடமும் இருவகை அணிதல்களும் இருந்தன. 1920-களில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் எடுத்த மௌனப்படம் ஒன்றில், தொகுப்பைச் சேர்ந்த உண்மையான கவசங்கள் மனிதர் மேல் பூட்டப்பட்டு, கவச வீரர் குதிரையேறிச் செல்வதாகக் காட்டப்படுகிறது. கவசம் பூண்டவர் நகரமுடியாதவர் என்னும் மக்கள் கருத்தை மறுக்க அப்படம் உதவியது. ஆனால், அப்பொருள்களின் காப்பை முதன்மையாகக் கொள்ளும் இன்றைய அருங்காட்சியக நெறி அத்தகைய செயலுக்கு இடம்தராது.

5. சட்டன் ஹூ: அணியமுடியுமா என்னும் வினா

1939-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ மேட்டில் அகழப்பட்ட கப்பற்புதையலில், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தலைக்கவசம் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகக் கிடைத்தது. சிற்பியும் உலோகக் கலைஞருமான ஹெர்பர்ட் மேரியன் 1945–46-இல் அதனை முதன்முதலில் ஒருங்கிணைத்தார். சுண்ணச் சாந்தினால் தலையுருவம் ஒன்றைச் செய்து, அதன்மேல் துண்டுகளைப் பொருத்துவது அவருடைய முறை. சிதறிய இரும்புக்கு முதல் வடிவம் தந்தவர் என்ற வகையில் அவர் பணி மதிக்கத்தக்கது.

ஆனால், 1948-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் சூனே லிண்ட்குவிஸ்ட் அதனைக் குறைகூறினார். பிறரும் ஐயம் எழுப்பினர். முகத்தின் சில பகுதிகளும் கழுத்தும் காப்பின்றி இருந்தன. பிடரிக்காப்பு அசையாது நின்றது. உள்ளே மெத்தைத் துணிக்கு இடமளிக்காதவாறு முடி சிறிதாக இருந்தது. இக்குறைகள் அனைத்தும் ஒரே வினாவில் அடங்குவன: இதனை அணிந்து ஒருவர் போரிட்டிருக்க இயலுமா?

இவ்வினாவை ஏற்று, பிரித்தானிய அருங்காட்சியகம் மேரியனின் உருவாக்கத்தைப் பிரித்தது. நைஜல் வில்லியம்ஸ் 1970–71-இல் துண்டுகளை மீண்டும் ஆராய்ந்து புதிய வடிவத்தை அமைத்தார். முடி பெரிதாயிற்று, கன்னக்காப்புகள் நீண்டன, பிடரிக்காப்பு தாழ்ந்து அசையுந்தன்மை பெற்றது. அதன்பின் லண்டன் கோபுரத்தின் படைக்கலத் துறையினர் 1973-இல் முழுப்பிரதி ஒன்றைச் செய்தனர். பளபளக்கும் வெள்ளீய நிறமும் செம்பொன் விளிம்பும் கொண்ட அப்பிரதியைக் கண்டபோதே, துருவேறிய மூலம் ஒருகாலத்தில் எத்தகைய ஒளியோடு விளங்கியிருக்கும் என்பது புலனாயிற்று. மூலத்தைத் தொடாமலே எடை, பொருத்தம், பார்வை ஆகியவற்றை ஆராய்வதற்கும் அது வழிசெய்தது. அணிதலின் ஆய்வுப்பயனையும் மூலப்பொருளின் காப்பையும் ஒருசேரப் பெறுவதற்கான வழியாகப் பிரதி இவ்வாறு நிலைபெற்றது.

6. பிரதியும் மறுநிகழ்த்துநரும்

இதே காலத்தில் ஆர்வலர் குழுக்கள் பெருகின. 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இடைக்கால வாழ்வை மறுநிகழ்த்தும் கழகம் ஒன்று தோன்றியது. 1972-இல் இங்கிலாந்தில் உரோமானியப் படையை மறுநிகழ்த்தும் எர்மின் ஸ்ட்ரீட் கார்டு அமைந்தது. கோபுரத்தின் படைக்கலத் துறையைச் சேர்ந்த ஹெச். ரசல் ராபின்சன் 1975-இல் வெளியிட்ட பேரரசுக்கால உரோமானியக் கவசம் பற்றிய நூல் இத்தகைய குழுவினருக்கு அடிப்படையாயிற்று. அவர்கள் தலைக்கவசத்தை அணிந்து நாள் முழுதும் நடந்தபோது, நூலில் வடிவக் கூறுகளாக மட்டுமே தெரிந்தவை பயன்பாட்டுக் கூறுகளாக விளங்கின. நெற்றியின் குறுக்குப்பட்டை மேலிருந்து விழும் வெட்டைத் தாங்குவது. செவியைச் சுற்றிய வெட்டு ஆணையைக் கேட்க உதவுவது. அகன்ற பிடரிக்காப்பு தோளையும் காப்பது.

ஆய்வகமும் இம்முறையை ஏற்றது. 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஆஸ்க்யூ குழுவினர், கவசம் அணிந்து பழகிய மறுநிகழ்த்துநருக்கு 15-ஆம் நூற்றாண்டுக் கவசப் பிரதிகளைப் பூட்டி, நடைப்பொறியில் நடக்கவும் ஓடவும் செய்து ஆற்றற் செலவை அளந்தனர். நடக்கும்போது ஆற்றற் செலவு 2.1 முதல் 2.3 மடங்காகவும், ஓடும்போது 1.9 மடங்காகவும் உயர்ந்தது. இவ்வளவீட்டுக்கு ஆர்வலரின் பழக்கப்பட்ட உடலே கருவியாயிற்று. கவசம் அணிந்தறியாத ஒருவரிடம் இச்சோதனையை நிகழ்த்தியிருந்தால், கவசத்தின் சுமையும் பழக்கமின்மையின் சுமையும் பிரிக்கமுடியாதபடி கலந்திருக்கும்.

பிரதிகளின் உற்பத்தியையும் இங்குக் கருதவேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய ஆர்வலர் அணியும் தலைக்கவசங்களில் ஒரு பகுதி டேராடூன், மீரட் முதலிய இந்திய நகரங்களின் பட்டறைகளில் செய்யப்படுகிறது. அக்கம்மியர் அடித்து உருவாக்கும் வடிவம், வாங்குபவர் அனுப்பும் வரைபடத்தையும் விலையையும் பொறுத்தது. தகட்டின் கனம், உட்புறத் தோல், கன்னக்காப்பின் பிணைப்பு ஆகியவற்றில் மூலத்திலிருந்து விலகல் நேரலாம். அத்தகைய பிரதியை அணிந்து பெறும் பட்டறிவு மூலத்தைப் பற்றியதா, பிரதியைப் பற்றியதா என்பதை ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் உறுதிசெய்ய வேண்டும். 1839-இல் பிராட்டின் கடையைப் பற்றி எழுந்த ஐயம் புதிய வடிவில் இன்றும் தொடர்கிறது எனலாம். அன்று பொருள் பழையதென விற்கப்பட்டது. இன்று பிரதி எனச் சொல்லியே விற்கப்படுகிறது. எனினும், அணிந்தவர் பெறும் உறுதியுணர்வு இரண்டிலும் ஒன்றே.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, தலைக்கவசச் சேகரிப்பாளரும் அணிபவரும் வரலாற்றாய்வுக்கு வெளியே நிற்பவர் அல்லர். கோபுரத்தின் பிழையைத் திருத்திய மெய்ரிக்கும், அகழிவீரரின் தலையைக் காக்க முயன்ற டீனும் சேகரிப்பின் வழியாகவே தம் அறிவை அடைந்தனர்.

இரண்டாவது, அணிதல் தன்னளவில் சான்றாவதில்லை. தோற்றத்தை முதன்மையாகக் கொண்ட அணிதல் போலிகளுக்கும் கொம்புகளுக்கும் வழிவகுத்தது. பொருத்தம், எடை, பார்வை, அசைவு ஆகியவற்றைக் கேட்ட அணிதல் சட்டன் ஹூ தலைக்கவசத்தின் வடிவத்தையே மாற்றியது. அணிந்தவர் எவ்வினாவோடு அணிந்தார் என்பதை ஆய்வாளர் முதலில் கேட்கவேண்டும்.

மூன்றாவது, அருங்காட்சியகத் தலைக்கவசம் ஒன்றை ஆதாரமாகக் கொள்ளும்போது, அது செய்யப்பட்ட காலத்தோடு, அது சேகரிக்கப்பட்ட காலத்தையும் ஆராய்தல் இன்றியமையாதது. யார் வாங்கினார், யார் துலக்கினார், யார் அணிந்தார், எந்தப் பெயரில் காட்டினார் என்பன அப்பொருளின் வரலாற்றில் பிரிக்கமுடியாத பகுதிகள். எட்டாம் ஹென்றியின் தலைக்கவசம் கோமாளியின் பெயரில் நின்ற காலமும் அதன் வரலாறே. பெயர்ப்பலகையைத் திருத்திவிட்டு அக்காலத்தை மறந்துவிட்டால், பிழை எவ்வாறு தோன்றியது என்பதை அறியும் வாய்ப்பும் அதனுடன் நீங்கிவிடும். தொகுப்புப் பதிவேடுகள், ஏலப் பட்டியல்கள், காட்சிக்கூட வழிகாட்டி நூல்கள் ஆகியவற்றைக் கவசங்களோடு இணைத்துப் படிக்கும் விரிவான ஆய்வுக்கு இத்துறையில் இடமுள்ளது.